பிரிந்து போகலாம்... பிள்ளை?

கொல்லிமலைக்குச் சுற்றுலா போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய பலாப்பழம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்தச் சந்தைக்குக் கூடை சுமந்து வரும் பெண்களின் குடும்ப வாழ்க்கை எப்படி என்று கேட்டால், "அது நமக்கெங்கே தெரியும்?" என்பார்கள். நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதில் நிறைய இருக்கிறது, சகோதரிகளே.

இந்த மலைவாசிகளில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகள் அல்ல, இவர்கள் பேசுவது தமிழ்தான்.) மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரியம் கொடுத்துக் கட்டுவதுதான் இவர்களுடைய பழைய வழக்கம். புருஷனோடு ஒத்துவரவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொண்டு பிரியலாம். மறுமணத்துக்கும் தடையில்லை. 'வாழாவெட்டி' என்று பெயர் சூட்டி மூலையில் உட்கார வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்!

அப்படியானால் அடி வாங்கிக்கொண்டும் ஒருத்தி ஏன் அங்கேயே கிடக்கிறாள்?

அங்கேதான் முடிச்சு. வழக்கப்படி, அவளாக விலகினால் வாங்கிய பரியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பிள்ளைகளோ தகப்பன் வழியைச் சேர்ந்தவர்கள். 'நீ போறதுன்னா போ, புள்ளைய வுட்டுட்டுப் போ' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எந்தத் தாய்க்குக் கால் நகரும்? கதவு திறந்துதான் இருக்கிறது, தாண்ட முடியவில்லை.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. விவாகரத்து விஷயத்தில் அவர்களுக்கு அவர்களுடைய வழக்கமே சட்டம்.

ஆனால் அடி, உதை விஷயம் அப்படியல்ல. 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் சாதி, மதம், பழங்குடி என்ற பேதமே கிடையாது. கை நீட்டுவது மட்டும் குற்றமில்லை. ஓயாமல் கேவலமாகப் பேசுவது, மிளகு பறித்துச் சம்பாதித்த கூலியைப் பிடுங்கிக்கொள்வது, எல்லாமே அதில் அடக்கம். இன்னொன்றைக் கவனியுங்கள்: இந்தச் சட்டத்தின் உதவியைக் கேட்க விவாகரத்து கேட்க வேண்டியதே இல்லை. அதே வீட்டில் இருந்துகொண்டே 'இனி தொடாதே' என்று உத்தரவு வாங்கலாம். 21ஆம் பிரிவின்படி குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடமே ஒப்படைக்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. 'புள்ளைய வுட்டுட்டுப் போ' என்பதற்கு இதுதான் பதில். எத்தனை பேருக்கு இது தெரியும், சொல்லுங்கள்?

மலையில்தான் இப்படி என்று நினைத்து நாம் நிம்மதிப்பட வேண்டாம். 2011 ஜனகணிதப்படி நாடு முழுவதும் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். காகிதம் இல்லாமலே பிரிந்து கிடப்பவர்கள் சுமார் 35 லட்சம். விவாகரத்து குறைவுதானே, குடும்பங்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று மேடையில் பெருமைப்படுகிறவர்கள் அடுத்த கணக்கையும் பார்க்கட்டும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூறு பேரில் 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்கும் இது 29தான். நூற்றுக்கு 38 என்றால் நம் தெருவிலேயே எத்தனை வீடு! குழாயடியில் 'வழுக்கி விழுந்துட்டேன்க்கா' என்று சொன்னவளை நாமும்தான் நம்புகிற மாதிரி தலையாட்டியிருக்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லை. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டந்தோறும் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார்; புகாரை அவரே எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. பாதிக்கப்பட்டவளே போக வேண்டுமென்றும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியும் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது.

காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் 'விழுந்துட்டேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை வீட்டில் வைக்காமல் அம்மாவிடமோ தங்கையிடமோ கொடுத்து வையுங்கள்.