பங்குனி ஆமைக்குத் துணையாக ஓர் இரவு நடை

ஜனவரி பிறந்துவிட்டால் சென்னையின் நீலாங்கரைக் கடற்கரையில் நள்ளிரவு நடை தொடங்கிவிடும். கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள் எனச் சிறு கூட்டம் ஒன்று பெசன்ட் நகர் நோக்கி அலையோரமாக நடக்கிறது. சுமார் ஏழு கிலோமீட்டர். கண்கள் தேடுவது ஒன்றைத்தான்: கடலிலிருந்து மணலேறி, மறுபடி கடலுக்கே இறங்கிய தடம்.

தடத்துக்குச் சொந்தக்காரி பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்று விலங்கியலார் சொல்லும் கடலாமை இதுதான்.

1970களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இந்தக் கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்தார்கள். 1988இல் அந்த வேலையை மாணவர்கள் கையிலெடுத்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு பிறந்தது. இன்றும் அதைத் தாங்குவது சம்பளமில்லாத தன்னார்வலர்களே.

தடம் கிடைத்ததும் ஒரு குச்சியால் மணலை மெல்லக் குத்திப் பார்க்கிறார்கள். குச்சி சட்டென்று இறங்கும் இடத்தில் குழி. ஒன்றரை அடி ஆழம், குறுகிய கழுத்து, அகன்ற வயிறு. குடத்தைப் புதைத்தது போலிருக்கும். உள்ளே பிங்பாங் பந்து அளவில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள். விட்டுவைத்தால் விடிவதற்குள் நாய்கள் தோண்டிவிடும். சில மணி நேரத்துக்குள், அதிகம் குலுக்காமல், பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே வடிவக் குழியில் புதைக்க வேண்டும்.

45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

இயற்கையான இருளில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும்; குஞ்சு அதை நோக்கி ஓடும். சென்னையிலோ தெருவிளக்குகள் குஞ்சைச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன. பொரிப்பகம் தேவைப்படுவதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

கரையில் படும் பாடு மட்டும் போதவில்லை. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்; மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு மணிக்கணக்கில் இழுக்கும் வலையில் சிக்கினால் அதற்கு வழியில்லை. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்ற விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வர வேண்டும்.

மார்ச் மாத அந்தி. பெசன்ட் நகரில் கூடையிலிருந்து குஞ்சுகளை ஈரமணலில் விடுகிறார்கள். குழந்தைகள் கயிற்றுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடி தன்னார்வலர் ஒருவர் டார்ச்சைக் கரையை நோக்கிப் பிடிக்கிறார். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கறுப்புக் குஞ்சுகள், நகரத்து விளக்குகளுக்கு முதுகைக் காட்டி, அந்த ஒற்றை வெளிச்சத்தை நோக்கி ஊர்கின்றன. கடைசிக் குஞ்சை அலை வாரிக்கொண்ட பிறகே டார்ச் அணைகிறது. நள்ளிரவில் நீலாங்கரையில் அடுத்த நடை.