முகம் கழுவினால் தூக்கம் போய்விடுமா?

மாணவர்களே, முதல் பாடவேளையில் கண் சொக்கும்போது ஆசிரியரிடம் அனுமதி கேட்டு முகம் கழுவப் போகிறீர்கள். திரும்பி வரும்போது நல்ல சுறுசுறுப்பு. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் தலை மேசையில்! என் வகுப்பில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது.

முகத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன தொடர்பு? மாலையில் கன்னத்தில் கொசு உட்கார்ந்தாலே கை தானாக ஓங்குகிறது. தூங்கும்போது அதே கொசு வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போனாலும் தெரிவதில்லை. தோல் ஒன்றும் தூங்கவில்லை. நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளை விரித்திருக்கும் ஐந்தாம் மூளை நரம்பு, செய்தியை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து தலாமஸ் என்ற வாசலைத் தாண்டிப் பெருமூளைப் புறணிக்குப் போனால்தான் நமக்கு ‘தெரியும்’.

நாம் விழித்திருக்கும்போது அசிட்டைல்கோலின், நோரட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் இவை குறைந்துவிடும். அப்போது தலாமஸ் செல்கள், வரும் செய்தியைச் சரியாகக் கடத்தாமல், கூட்டமாகத் தங்கள் சொந்தத் தாளத்தில் துடிக்கின்றன. மெல்லிய தொடுகை அங்கேயே மங்கிவிடுகிறது. ஆனால் கதவு முழுக்கப் பூட்டப்படுவதில்லை. அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தால் துள்ளி எழுகிறோமே! பலமான செய்தி மூளைத்தண்டில் உள்ள விழிப்பு மையத்தையே உசுப்பிவிடும்.

வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால், நம் தோட்டத்துப் பாட்டிமார் விடியுமுன் முகம் கழுவிக்கொண்டு பால்வெட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் இரவு சீக்கிரமே படுத்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூக்க உணர்வைக் கூட்டுவதில் இதற்குப் பெரிய பங்குண்டு. குளிர்ந்த நீர் விழிப்பு மையத்தைத் தட்டி எழுப்பலாம்; சேர்ந்த அடினோசினைக் குறைக்காது. அதைக் குறைப்பது தூக்கம்தான். காப்பியில் உள்ள கஃபீன்கூட அதன் வேலையைச் சிறிது நேரம் தடுக்கிறதே தவிர, அதை அகற்றுவதில்லை.

வகுப்பில் தூங்கி விழுந்தால் ஒரு பாடம்தான் போகும். இரவில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குக் கார் ஓட்டும் அப்பாவுக்கு அப்படியல்ல. கண்ணாடியை இறக்கி முகத்தில் காற்றுப் பட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பிரிட்டனில் ரெய்னர், ஹோர்ன் என்ற ஆய்வாளர்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்த ஓட்டுநர்களிடம் இதைச் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். முகத்தில் பட்ட குளிர்காற்றின் பலன் மிகக் கொஞ்சம், அதுவும் சற்று நேரமே. காப்பியும் கால் மணி நேரக் குட்டித் தூக்கமும்தான் அதைவிட நன்றாக உதவின.

அடுத்த முறை அப்பா கொட்டாவி விட்டபடி கண்ணாடியை இறக்கினால், தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.