உனவட்டுனவுக்குப் போகிறீர்களா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

இலங்கையின் தென்கோடியில், காலி நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, பிறை போல வளைந்த ஒரு சின்ன விரிகுடா (நிலத்துக்குள் வளைந்து புகுந்த கடல்) இருக்கிறது. பெயர் உனவட்டுன. ஒரு பக்கம் காடு மூடிய குன்று, கரையோரம் தென்னைகள், முன்னால் பச்சையும் நீலமுமாகக் கடல். படத்தில் பார்த்துவிட்டுப் பலர் உடனே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு.

எந்த மாதம் போவது?

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். இலங்கையின் தென்மேற்குக் கரைக்கு நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கடல் அடங்கியிருக்கும், நீர் தெளிந்திருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை அலை சீறும், மழையும் சேரும்.

நமக்குச் சிக்கல் என்னவென்றால், பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் வருகிறது. ஏப்ரல் கடைசியில் போக முடிந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் டிசம்பர் கடைசி விடுமுறையில் போகலாம். அப்போது வெளிநாட்டுப் பயணிகளும் குவிவார்கள், அறை வாடகையும் ஏறும். கூட்டமும் செலவும் குறைய வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்தான் என் தேர்வு.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்களே, அதில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கப்பல் உங்களை இறக்கிவிடுவது தீவின் வடகோடியில். காலி இருப்பது தென்கோடி. யாழ்ப்பாணமும் பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்த வழி சரி.

இந்தியர்கள் கிளம்பும் முன்பே இணையத்தில் நுழைவு அனுமதி வாங்க வேண்டும். இதற்கான விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. போய்வந்த நண்பர் சொன்னதை நம்பாமல், இலங்கைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொழும்பிலிருந்து காலி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அதிவேகப் பாதையில் பஸ்ஸோ காரோ சீக்கிரம் சேர்த்துவிடும். ஆனால் அவசரம் இல்லாதவர்களுக்கு ரயிலைத்தான் சொல்வேன். கொழும்பு கோட்டை நிலையத்தில் ஏறி, தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் கடல் தண்டவாளத்தை ஒட்டியே வரும். இரண்டரை, மூன்று மணி நேரத்தில் காலி. அதே ரயில் மாத்தறைக்கும் போகுமானால், காலியில் எஞ்சினை மறுபக்கம் மாற்றி வந்த திசையிலேயே திரும்பிக் கிளம்பும். ரயில் கொழும்புக்கே போகிறதோ என்று பதற வேண்டாம்.

உனவட்டுனவிலும் ஒரு நிலையம் உண்டு; மெதுவாகப் போகும் ரயில்கள்தான் அங்கே நிற்கும். காலியில் இறங்கி ஆட்டோ பிடிப்பதே எளிது. வாடகையை ஏறும் முன் பேசிவிடுங்கள்.

கடலில் இறங்கலாமா? குழந்தைகள்?

நல்ல பருவத்தில் இறங்கலாம். விரிகுடாவின் வளைவும், முன்னால் கிடக்கும் பவளப்பாறைத் திட்டும் அலையின் வேகத்தைத் தின்றுவிடுகின்றன. நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பளவு நீரோடு நின்றுகொள்வது நல்லது. சிவப்புக் கொடி நட்டிருந்தால் யார் என்ன சொன்னாலும் இறங்க வேண்டாம்.

அமைதியான கடலில் ஆபத்து எங்கிருந்து வரும் என்று தோன்றலாம். கரையில் மோதிய நீர் எல்லாம் எங்கேயாவது ஓரிடத்தில் ஒடுங்கிக் கடலுக்குத் திரும்பும். அதுதான் இழுப்பு நீரோட்டம் (கரையிலிருந்து உள்ளே இழுக்கும் குறுகலான ஓட்டம்). அதில் மாட்டியவர்கள் கரையை நோக்கியே நீந்தி, களைத்துப் போய்த்தான் மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டுவிடும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

புடவையோடும் சுரிதார் துப்பட்டாவோடும் கடலில் இறங்குவது நம்மவர்களின் பழக்கம். நனைந்த துணி காலைச் சுற்றினால் எழுந்து நிற்கவே முடியாது. முழங்கால் வரை வரும் கால்சட்டையும் உடம்போடு ஒட்டிய சட்டையும் போதும், கூச்சத்துக்கும் இடமில்லை. கரையோர உணவகங்களில் சாப்பிட்டால் நிழலில் உட்காரவும் உடை மாற்றவும் பெரும்பாலும் இடம் தருவார்கள்.

பவளப்பாறை மேல் ஏறி நிற்காதீர்கள். அது கல் அல்ல, உயிர். உங்கள் காலையும் கிழித்துவிடும். அந்தக் கீறல் லேசில் ஆறாது.

படத்தில் பார்த்த மாதிரியே இருக்குமா?

இருக்காது, பாதிதான் இருக்கும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமி இந்த ஊரைத் துடைத்துப் போட்டது. பிறகு கடைகளும் விடுதிகளும் மறுபடி கரைக்கு மிக நெருக்கமாகவே எழுந்தன. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டினார்கள். கரை அரிப்பு மோசமாகி மணல் குறைந்தபோது, 2015-இல் கடலடி மணலை இறைத்துக் கொண்டுவந்து கொட்டி அகலமாக்கினார்கள். ஆக, நீங்கள் மிதிக்கும் மணலில் ஒரு பகுதி மனிதர் போட்டது. பழைய படங்களோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

மறுபடி சுனாமி வந்தால் என்ன செய்வது? அபூர்வம்தான், ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி. நீண்ட நேரம் நிலம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். பக்கத்திலேயே ருமஸ்ஸல குன்று இருப்பது இந்த ஊரின் அதிர்ஷ்டம். கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதையில் ஹிக்கடுவவுக்குச் சற்று முன் பெரலிய என்ற இடம் வரும். 2004 சுனாமி அலையில் சிக்கிய ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது அங்கேதான்.

ருமஸ்ஸல குன்றில் என்ன பார்ப்பது? அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது விழுந்த துண்டு என்று உள்ளூர்க் கதை. உச்சியில் ஜப்பானியப் பௌத்தர்கள் கட்டிய வெள்ளை அமைதித் தூபி நிற்கிறது. அங்கிருந்து காலித் துறைமுகம் முழுதும் தெரியும். குன்றின் அடியில் ‘ஜங்கிள் பீச்’ என்ற சிறு கரை. ஆட்டோவில் கிட்டப் போய், மிச்சத்தை இறங்கி நடக்கலாம்.

காலி நகரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

குறைந்தது ஒரு மாலை முழுக்க. காலையில் கடல், மாலையில் கோட்டை என்று வைத்துக்கொண்டால் வெயிலில் வாட மாட்டீர்கள். போர்ச்சுகீசியர் தொடங்கிய கோட்டையை 1640-இல் டச்சுக்காரர் பிடித்துப் பெரிதாக்கினார்கள், 1796-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். நுழையக் கட்டணம் இல்லை, ஏனென்றால் உள்ளே இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், நீதிமன்றம், மளிகைக் கடை எல்லாம் உண்டு. சுனாமியில் வெளியே பஸ் நிலையம் சிதைந்தபோது, பழைய நகரைப் பெருமளவு காத்தது இந்த மதில்தான்.

மதில் மேல் நடப்பதே பெரிய காட்சி. கலங்கரை விளக்கமும் அதன் எதிரே மீரான் பள்ளிவாசலும் ஒரு மூலையில். கோட்டை வாசலுக்கு வெளியே கிரிக்கெட் மைதானம். 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் இந்தியாவுக்கு எதிராகத் தன் 800-ஆவது விக்கெட்டை எடுத்தது இந்த மைதானத்தில்தான். ஆட்டம் நடக்கும் நாளில் மதிலில் உட்கார்ந்தே பார்க்கலாம். கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகத்தில், 1659-இல் இந்தத் துறைமுகத்தில் மூழ்கிய ‘அவோன்ட்ஸ்டர்’ என்ற டச்சுக் கப்பலில் கிடைத்தவை இருக்கின்றன.

சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டு காலியில்தானே இருக்கிறது என்று தேடுவீர்கள். 1911-இல் கிடைத்தது இங்கேதான், ஆனால் மூலக்கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்பில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது.

தமிழ் பேசினால் புரியுமா?

இது சிங்களம் பேசும் பகுதி. விடுதிகளில் ஆங்கிலம் போதும். ஆனால் கோட்டைக்குள் தமிழ் அறிந்த முஸ்லிம் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கடைகளில் தமிழில் பேசிப் பாருங்கள், தமிழிலேயே பதில் வரக்கூடும்.

சைவ உணவு சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். இடியப்பத்தோடு வரும் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் கலந்திருக்கும். பார்த்தால் தெரியாது. காய்கறிக் கறிகளிலும் சில சமயம் போடுவார்கள். சொன்னால் மாசி இல்லாமல் செய்து தருவார்கள். எருமைத் தயிரில் கித்துள் பாணி (கூந்தல்பனைப் பாகு) ஊற்றித் தருவதைத் தவறவிடாதீர்கள்.

வேறு என்ன கவனிப்பது? பௌர்ணமி நாள் இலங்கையில் ‘போயா’ விடுமுறை. அன்று மது விற்க மாட்டார்கள். விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதை அவமதிப்பாகப் பார்ப்பார்கள். கொக்கலப் பக்கம் கடலில் நட்ட கம்பில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். இன்று பலருக்கு மீனைவிட அந்தக் காசுதான் வருமானம், ஆகவே கோபப்பட வேண்டாம்.

இரண்டு இரவு தங்கினால் உனவட்டுனவுக்கும் காலிக்கும் போதும். ஜூன் முதல் ஆகஸ்டுக்குள்தான் உங்களுக்கு விடுப்பு என்றால், கடலில் குளிப்பதற்காக இங்கே வராதீர்கள். அந்த மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், திருகோணமலைக்குப் போங்கள்.