பகுதிக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையில் நெருக்கடி ஹார்மோன்களும் குருதியோட்டமும்

உயிருள்ள கொடையாளரின் கல்லீரலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பிறருக்குப் பொருத்தும் முறை 1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரசல் ஸ்ட்ராங் என்னும் அறுவை மருத்துவரால் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. அங்குத் தாயின் கல்லீரற் கூறு அவருடைய குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. சிறிய கூறே அவ்வுடலுக்குப் போதுமானதாக இருந்தது. பெரியவர்களுக்கும் இம்முறை விரிந்தபோதுதான் பொருத்தப்படும் கூற்றின் அளவு சிக்கலாயிற்று. அதன் எடை, பெறுபவரின் உடல் எடையில் 0.8 விழுக்காட்டிற்குக் குறையுமாயின், நீடித்த மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல், குருதி உறைதலில் குறைபாடு ஆகியன தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. உயிரணுக்களின் பற்றாக்குறை ஒன்றையே இதற்குக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. குருதியின் மிகுதியும் அதற்கு இணையான காரணமாகும்.

நலமுள்ள கல்லீரலுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் குருதி வருகிறது. அதில் முக்கால் பங்கைக் குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் போர்ட்டல் சிரையும், எஞ்சியதைக் கல்லீரல் தமனியும் கொணர்கின்றன. கல்லீரல் இழைநார் வளர்ச்சி நோயில் குடற்பகுதித் தமனிகள் விரிந்து போர்ட்டல் சிரைக்கு வரும் குருதி பெருகியிருக்கும். நோயுற்ற உறுப்பை அகற்றியவுடன் இப்பெருக்கு அடங்குவதில்லை. அது முழுவதும் சிறிய புதிய கூற்றின் நுண்குழல்கள் வழியே பாய்ந்து அவற்றின் உட்சுவரைச் சிதைக்கிறது. மேலும், போர்ட்டல் ஓட்டம் கூடும்போது தமனியைச் சூழ்ந்துள்ள அடினோசின் அடித்துச் செல்லப்பட, தமனி சுருங்குகிறது. 1980களில் வெய்ன் லாட் விளக்கிய இவ்வீடுசெய் இயக்கம் நலமுள்ள உடலில் பயனுடையது. சிறிய கூற்றிலோ ஆக்சிசன் நிறைந்த தமனிக் குருதியையே குறைத்துவிடுகிறது.

இச்சூழலில்தான் நெருக்கடி ஹார்மோன்கள் செயற்படுகின்றன. பொதுவழக்கில் இவற்றை ‘மன அழுத்த ஹார்மோன்கள்’ என்பர்; மயக்கநிலையில் உள்ள நோயாளியின் அட்ரீனல் சுரப்பியும் அறுவையின் தாக்கத்தால் அட்ரினலின், கார்டிசால் ஆகியவற்றைச் சுரப்பதால் அப்பெயர் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. பொருத்தப்பட்ட கூற்றின் நரம்புகள் அறுபட்டுள்ளமையால் மூளையின் ஆணை அதனை நேரே எட்டாது. எனினும் ஏற்பிகள் அழிவதில்லை. குருதிவழி வரும் ஹார்மோன் அவற்றை அடைகிறது.

நார் அட்ரினலின் ஆல்ஃபா ஏற்பிகள் வழியே குடற்பகுதித் தமனிகளைச் சுருக்கிப் போர்ட்டல் பெருக்கைத் தணிக்கவல்லது. அதே ஏற்பிகள் கல்லீரல் தமனியிலும் உள்ளமையால், முன்னரே சுருங்கிய தமனி மேலும் சுருங்கவும் கூடும். உடலின் குருதி அழுத்தத்தைத் தாங்குவதற்காக இம்மருந்து செலுத்தப்படும்போதும் இதே இருமுகத் தன்மை நிலவுகிறது. ஆயினும் இதனை வெறும் தீங்காகக் கொள்ளுதல் ஒருதலைப்பட்சமாகும். எலிகளில் கல்லீரலின் ஒரு பகுதியை அகற்றியபின் ஆல்ஃபா-1 ஏற்பிகளைத் தடுத்தால் உயிரணுக்களின் டி.என்.ஏ. உருவாக்கம் தாமதமாகிறது, அதாவது, மீள்வளர்ச்சிக்கும் நார் அட்ரினலின் துணைசெய்கிறது. வாசோபிரசின் வகையைச் சார்ந்த டெர்லிபிரசின் முதன்மையாகக் குடற்பகுதித் தமனிகளையே சுருக்குவதால், போர்ட்டல் அழுத்தம் குறைக்க அது பயன்படுத்தப்படுகிறது.

மருந்தால் அழுத்தம் தணியாதபோது மண்ணீரல் தமனியைக் கட்டுதல், மண்ணீரலை அகற்றுதல் போன்ற வழிகள் கையாளப்படுகின்றன. போர்ட்டல் அழுத்தத்தை 15 மி.மீ. பாதரசத்திற்குக் கீழ் வைத்தல் பல மையங்களின் இலக்கு. அறுவையின்போதே டாப்ளர் கருவியால் சிரை, தமனி இரண்டின் ஓட்டமும் ஒருங்கே அளக்கப்பட்டால்தான் ஹார்மோன் மருந்தின் அளவை எத்திசையில் மாற்றவேண்டும் என்பது தெளியும். கையில் அளக்கும் குருதி அழுத்தம் இதனைக் காட்டாது.