ராடிக்கல் பாலிமர்: மின்னூட்டம் வந்து சேரும், வெளிச்சம்?

இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்பு கொடுக்கக் கெடு நெருங்குகிறது. விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: ராடிக்கல் பாலிமர் ஒளிரும் பாலிமரா? 2000இல் நோபல் வாங்கித் தந்த மின்கடத்தும் பிளாஸ்டிக்கா? இரண்டும் இல்லை. ஓ.எல்.இ.டி. திரையில் ஒளிரும் படலம் வேறு. அதற்கு மின்னூட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதன் வேலை.

நோபல் பிளாஸ்டிக்கில் எலெக்ட்ரான் சங்கிலி வழியாகவே ஓடும். இந்தச் சங்கிலியில் அந்தப் பாதையே கிடையாது. கிளையாகத் தொங்கும் தொகுதிகளில், ஆக்சிஜனை ஒட்டி, ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒன்று இருக்கும்; அப்படி இருப்பதுதான் ராடிக்கல். அது கண்டதோடும் வினைபுரியாமல் நான்கு மெத்தில் தொகுதிகள் காவல் நிற்கின்றன. இதே அமைப்புள்ள டெம்போ என்ற சேர்மம் செம்மஞ்சள் படிகமாகப் புட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

ஒரு தொகுதி எலெக்ட்ரானை இழந்தால் பக்கத்துத் தொகுதி தன்னுடையதைக் கொடுக்கும். அதற்கு அடுத்தது கொடுக்கும். தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறி மாடிக்குப் போகிறதே, அப்படி. கைக்கெட்டும் தூரம் இங்கே சுமார் ஒரு நானோமீட்டர். பாதையே இல்லாத பொருளில் மின்சாரம் நகரும் இந்த வித்தை என்னை அசத்துகிறது.

2018இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பூடோரிஸ் குழு இப்படி மீட்டருக்கு 28 சீமென்ஸ் கடத்துதிறனை எட்டியது. மின்கடத்தும் பிளாஸ்டிக்குக்கு இணை என்ற பேச்சும் கிளம்பியது. அந்த எண் கிடைத்த தூரத்தையும் பாருங்கள்: 600 நானோமீட்டருக்குள். பக்குவப்படுத்திய பெடாட் என்ற மின்கடத்தும் பிளாஸ்டிக் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு கடத்தும். ஓ.எல்.இ.டி. படலங்கள் மெல்லியவை என்பதால் தூரம் இங்கே தடையில்லை.

என் கவலை வேறு. ஜோடியற்ற எலெக்ட்ரான் அருகில் இருந்தால், கிளர்வுற்ற மூலக்கூறு ஒளிராமலே அடங்கிவிடும். ஒளிரும் படலத்தை ஒட்டிப் பூசினால் மின்னூட்டம் வந்து சேரும், வெளிச்சம் குறையும். கடத்துதிறனை மட்டும் அளந்துவிட்டு ‘ஓ.எல்.இ.டி.க்கு ஏற்றது’ என்று எழுதிவிடாதீர்கள். ராடிக்கல் படலம் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒளியை அளந்து, இரண்டையும் போடுங்கள்.

மாற்று எதற்கு? இப்போது இந்த இடத்தில் பூசும் பெடாட்–பிஎஸ்எஸ் அமிலத்தன்மை உள்ளது, அடியிலுள்ள ஐ.டி.ஓ. என்ற ஒளி ஊடுருவும் மின்முனைப் பூச்சை அரிக்கும்.

எந்த ராடிக்கலும் ஒளிராதா? ட்ரைட்டில் வகை ஒளிரும். 2018இல் அதை வைத்துச் சிவப்பு ஓ.எல்.இ.டி. செய்தார்கள்.

செல்போன் திரையில் விழும் பச்சைக் கோட்டை இது போக்குமா? போக்காது, அது பெரும்பாலும் இணைப்பு, இயக்கும் சுற்றின் கோளாறு.

பேட்டரிக்கு ஆகுமா? ஜப்பானின் என்.இ.சி. 2002லேயே செய்து காட்டிவிட்டது.

எங்கே விசாரிப்பது? சென்னை ஐ.ஐ.டி.யில் அமோலெட் (ஒருவகை ஓ.எல்.இ.டி. திரை) ஆய்வு மையம் இருக்கிறது. துறைத்தலைவரின் கடிதத்தோடு கேளுங்கள்.