மணவாளக்குறிச்சி மணல்

விடுமுறைக்குக் குமரி மாவட்டம் போய்வரும் மரைன் ஹில் அன்பர்கள், "அந்தக் கறுப்பு மணலில் பிள்ளைகள் விளையாடலாமா, சார்?" என்று என்னிடம் கேட்பதுண்டு.

மணலிலுள்ள மோனசைட்டில் தோரியம்-232 இருக்கிறது. அது ஆறு ஆல்ஃபா, நான்கு பீட்டா துகள்களை உமிழ்ந்து காரீயமாகிறது. பாதி சிதைய 1,405 கோடி ஆண்டுகள்! எந்த அணு எப்போது சிதையுமென்று சொல்ல இயலாது. மொத்தக் கணக்கு மட்டும் தவறாது. (எந்தப் பயணி வருவார் என்றறியாமலே நாங்கள் பெட்டிகள் இணைக்கவில்லையா?) பூமியின் வயது 454 கோடிதான், எனவே ஐந்தில் நான்கு பங்கு தோரியம் இன்னும் மிச்சம்.

ஆல்ஃபாவைத் தோலே தடுத்துவிடும். உடலுக்குள் போனால்தான் கெடுதல். காமா ஊடுருவும், ஆனால் சில மணி நேரத்தில் சேர்வது சொற்பம். இதேபோன்ற மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படவில்லை. தாராளமாக விளையாடட்டும். மணலை வாயில் போடாமல் பார்த்து, கைகால் கழுவிவிடுங்கள்.