பட்டவராயனுக்கு ஏன் செருப்பு காணிக்கை?

கோயிலுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றி வெளியே விடுவதுதான் எல்லா ஊர் வழக்கமும். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு காட்டுக்குள் தாமிரபரணிக் கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஒரு சந்நிதிக்கு மட்டும் இது தலைகீழ். பட்டவராயனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் புதுத் தோல் செருப்பைக் கையில் ஏந்தி வந்து சாமிக்குக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். ராத்திரியில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருவார், மறு ஆண்டு வந்து பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும் என்பது மக்களின் நம்பிக்கை.

ஆடி அமாவாசைக்கு இங்கே கூடும் கூட்டத்தை நெல்லைச் சீமையில் அறியாதவர் இல்லை. குடும்பம் குடும்பமாக வந்து குடில் போட்டுத் தங்கி, ஆற்றில் குளித்து, பொங்கலிட்டுப் போவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் தர்பாரில் அமர்ந்து காட்சி தந்த செய்தியும் படமும் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வந்தன. ஆனால், பட்டவராயனுக்கு ஏன் செருப்பு என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு வில்லுப்பாட்டுப் புலவரைத்தான் தேட வேண்டும். அந்தப் பதிலில் ஒரு அருந்ததியர் குடும்பம் இருக்கிறது.

வாலப்பகடை போட்ட நிபந்தனை

பட்டவராயனின் இயற்பெயர் முத்துப்பட்டன். பிராமணர். ஏழு பேரில் கடைசித் தம்பி. அண்ணன்மாரோடு மனம் ஒத்துப்போகாமல் வீட்டைவிட்டு வெளியேறி, மலைக்கு அப்பால் கொட்டாரக்கரை அரசனிடம் சேவகம் பார்த்தார். பல காலம் கழித்து அண்ணன்மார் தேடிப் போய் அவரை ஊருக்கு அழைத்து வந்தார்கள். வரும் வழியில் காட்டுக்குள் இரண்டு பெண்கள் பாடும் குரல் அவர் காதில் விழுந்தது. அவர்கள்தான் பொம்மக்காவும் திம்மக்காவும். மாடு காத்து, தோல் தைத்துப் பிழைத்த வாலப்பகடையின் மகள்கள்.

ஊர் பேர் தெரியாத ஆண் ஒருவர் பின்தொடர்வதைப் பார்த்துப் பயந்த பெண்கள் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னார்கள். வாலப்பகடை கோபத்தோடு ஆயுதம் எடுத்து வந்தார். வந்த இடத்தில் முத்துப்பட்டன் பெண் கேட்டார். வாலப்பகடை நம்பவில்லை. நாங்கள் யார், என்ன வேலை செய்கிறோம், எங்களை ஊர் எப்படி நடத்துகிறது என்பதை எடுத்துச் சொன்னார். பிறகு நிபந்தனை போட்டார். அண்ணன்மார் உறவை விட வேண்டும். பூணூலை அறுக்க வேண்டும். குடுமியை எடுக்க வேண்டும். செருப்புத் தைக்கப் பழகி, தைத்த செருப்பை விற்றுக் காசு கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் கல்யாணப் பேச்சு.

அண்ணன்மார் கெஞ்சிப் பார்த்தார்கள், பலிக்காமல் போகவே தம்பியைக் கல்லறைக்குள் அடைத்தார்கள். அவர் அதை உடைத்து வெளியே வந்தார். பூணூலை அறுத்தார். தோலும் ஊசியும் கையில் எடுத்தார். செருப்புத் தைத்து விற்றார். கல்யாணம் நடந்தது.

கல்யாண நாளின் இரவே மாமனாரின் கிடையில் மாடு திருட ஆட்கள் வந்தார்கள். காவல் நாய் வந்து அழைக்க, முத்துப்பட்டன் ஓடிப்போய் அவர்களோடு சண்டையிட்டு விரட்டினார். சண்டை முடிந்து ஓடையில் உடம்பைக் கழுவியபோது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திச் சாய்த்தான். பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி அரசரிடம் அனுமதி கேட்டு உடன்கட்டை ஏறினார்கள் என்று பாட்டு முடிகிறது. அந்தப் பெண்களுக்கு வாழ ஒரு வழியைக் கதை விடவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். மூவரும் தெய்வமானார்கள். பட்டவராயன் சந்நிதியில் இரண்டு தேவியரும் உடன் இருக்கிறார்கள்.

இந்தக் கதையில் நிபந்தனை போடுகிறவர் யார் என்பதுதான் முக்கியம். பெண் கேட்டு வந்தவர் பிராமணர். வேண்டாம் என்று மறுக்கவும், இன்னது செய்தால் தருகிறேன் என்று சொல்லவும் உரிமை உள்ளவராக நிற்பவர் வாலப்பகடை. தன் தொழிலை மறைத்து மாப்பிள்ளை பிடிக்க அவர் நினைக்கவில்லை. என் வேலையை உன் கையால் செய்து காட்டு என்கிறார்.

பின்னால் ஒட்டிய பிறப்பு

நாங்குநேரியில் 1917-ல் பிறந்த பேராசிரியர் நா.வானமாமலை, வில்லுப்பாட்டுகளையும் கதைப்பாடல்களையும் ஊர் ஊராகத் திரட்டியவர். முத்துப்பட்டன் கதையை 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அவருடைய பதிப்பாக வெளியிட்டது. இந்தக் கதையின் வடிவங்களை ஒப்பிட்டபோது அவர் ஒரு மாற்றத்தைக் கண்டார்.

பழைய வடிவத்தில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற மகள்கள். பிற்பட்ட வடிவத்திலோ அவர்கள் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்கள், காட்டில் கைவிடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று ஒரு பிறப்புக் கதை சேர்ந்துவிட்டது. ஒரு சின்னத் திருத்தம்தான். ஆனால், அதன் பிறகு சாதி தாண்டிய கல்யாணம் என்பதே கதையில் இல்லாமல் போகிறது. பிராமண மாப்பிள்ளை பிராமணப் பெண்களைத்தான் கட்டியிருக்கிறார் என்று கேட்பவர் மனம் ஆறிவிடலாம். வாலப்பகடை பெற்றவர் என்ற இடத்திலிருந்து வளர்த்தவர் என்ற இடத்துக்கு இறங்கிவிடுகிறார்.

இது முத்துப்பட்டனுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. மதுரை வீரனை அருந்ததியர் தங்கள் குலத்து வீரனாக வணங்குகிறார்கள். பரவலாகச் சொல்லப்படும் கதையில் அவர் காசி ராஜாவுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் சின்னான் வளர்த்த பிள்ளை. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘மதுரை வீரன்’ படமும் இந்த வழியைத்தான் பின்பற்றியது. வீரமும் அழகும் காதலும் ஒரு தலித் வீட்டில் பிறக்க முடியும் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள், பிறப்பை மட்டும் வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

செருப்பை மாற்ற முடியவில்லை

பாட்டை மாற்றியவர்களால் காணிக்கையை மாற்ற முடியவில்லை. பெண்களின் பிறப்பை எப்படிச் சொன்னாலும், சாமிக்குச் செருப்புதான் வருகிறது. செருப்பு ஏன் என்று கேட்டால், மாமனார் சொல்லி மருமகன் தைத்தார் என்ற உண்மைக்கு வந்தே ஆக வேண்டும். ஏட்டில் திருத்தப்பட்ட வரலாற்றைச் சடங்கு காப்பாற்றி வைத்திருக்கிறது.

அதுவும் எந்தப் பொருளைக் கொண்டு? ஊரின் மேல்தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தலித்துகளைக் கட்டாயப்படுத்திய நாடு இது. இன்றைய பெரியவர்களைக் கேட்டால் தாங்களே அப்படி நடந்ததைச் சொல்வார்கள். பொது இடத்தில் ஒரு தலித் செருப்பு அணிவதையோ, புத்தாடை உடுத்துவதையோ, சைக்கிளில் போவதையோ தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டிய தேவை 2015-ல் கூட இருந்தது. அந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. தெருவில் காலில் போடக் கூடாது என்று தடுக்கப்பட்ட அதே செருப்பு, பொதிகை மலைக் காட்டில் எல்லாச் சாதியாரும் தெய்வத்தின் முன் வைத்து வணங்கும் பொருளாக இருக்கிறது.

பகடை என்ற பெயரும் பழங்கதையோடு போய்விடவில்லை. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்தில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் இடஒதுக்கீடு தந்த 2009-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு சமூகங்கள் குறிப்பிடப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று பகடை.

கும்பிடுவதும் ஏற்பதும்

சாதி மாறிக் கல்யாணம் செய்தவரைத் தெய்வமாகக் கும்பிடும் ஊர்களில், சாதி மாறிக் காதலித்ததற்காக இன்றும் வெட்டிக் கொல்கிறார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் இளைஞர் அப்படிக் கொல்லப்பட்டதைத் தமிழ்நாடே பார்த்தது. சாதி மறுப்புத் தம்பதிகளுக்கு வரும் மிரட்டல் புகார்களைப் பெற மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய தனிப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டது. இப்படி ஒரு பிரிவு இருக்க வேண்டும் என்பதைக் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதோடு இன்னொரு வேலையும் மாணவர்களுக்கு இருக்கிறது. வில்லும் குடமும் உடுக்கையும் இன்னும் ஒலிக்கும் கொடைகளில் முத்துப்பட்டன் கதையை எப்படிப் பாடுகிறார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் யார் பெற்ற பிள்ளைகள் என்று உங்கள் ஊர்ப் புலவர் பாடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள், பட்டவராயன் முன் செருப்பை வைக்கும்போது வாலப்பகடையின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தச் செருப்பைத் தைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.